கிரானைட் மேடைக்குக் கீழே டிஷ்வாஷர்: நெல்லை அடுக்களைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கப்போர்டு கதவுகளோடு கதவாக மறைந்து நிற்கும் டிஷ்வாஷரை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய் எந்த கம்பெனி நல்லது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. மேடைக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது, குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரா போர்த் தண்ணீரா, மாடி டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பழுதானால் மெக்கானிக் எந்த ஊரிலிருந்து வருவார் என்ற நான்கையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டால், கடையில் இருக்கும் இருபது மாடல்களில் பதினைந்து தானாகக் கழிந்துவிடும். மிச்சமுள்ள ஐந்தில் எதை எடுத்தாலும் பெரிய தவறு நேராது.

முதலில் டேப்பை எடுங்கள்

கப்போர்டுக்குள் பொருத்தும் மெஷின் இரண்டு அகலத்தில் வருகிறது: 60 செ.மீ., 45 செ.மீ. மெஷினின் உண்மையான அகலம் 59.8, 44.8 என்று இருக்கும். அதற்கான இடைவெளி 60, 45 சரியாக வேண்டும். உயரம் 81.5 செ.மீ. கால்களைத் திருகி ஏற்றினால் 87 வரை போகும். ஆழம் 55 செ.மீ. சுற்று. அதன் மேல் கதவுப் பலகையின் 2 செ.மீ. சேரும்.

சிக்கல் உயரத்தில்தான் வரும். நம் பக்கத்து வீடுகளில் கொத்தனார் கட்டிய மேடை என்றால் கடப்பாக்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, மேலே கடப்பாக்கல் பலகை போட்டு, அதன்மேல் கலவை வைத்து கிரானைட் ஒட்டியிருப்பார்கள். கடப்பாக்கல் 3.5 முதல் 4 செ.மீ., கலவை 1 முதல் 1.5, கிரானைட் 1.8 முதல் 2. ஆக மேடையின் கனமே 6.3 முதல் 7.5 செ.மீ. தரையிலிருந்து மேடை 34 அங்குலம், அதாவது 86.4 செ.மீ. இருக்கிறது என்று கடைக்காரரிடம் சொன்னால் "தாராளமாகப் போகும்" என்பார். கனத்தைக் கழித்துப் பார்த்தால் அடியில் 79 முதல் 80 செ.மீ.தான் மிஞ்சும். 81.5 செ.மீ. மெஷின் உள்ளே போகாது. அதனால் மேடையின் மேல்மட்டத்தை அளக்காதீர்கள். டேப்பை அடியில் விட்டு, தரையிலிருந்து கல்லின் அடிப்பக்கம் வரை அளங்கள். அதுவும் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். தண்ணீர் ஓடட்டும் என்று அடுக்களைத் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். முன்னும் பின்னும் 1 செ.மீ. வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். மூன்றில் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் அளவு.

குறைந்த அளவு 82 செ.மீ.க்குக் கீழே வந்தால் வழி இல்லாமல் இல்லை. அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் கிரானைட்டின் அடியில் இருக்கும் கடப்பாக்கல்லை வெட்டி எடுத்துவிட்டு, கிரானைட்டை இரும்பு எல்-ஆங்கிள் சட்டத்தில் தாங்கவைக்கலாம். 4 முதல் 5 செ.மீ. கிடைக்கும். 60 செ.மீ. அகலத்துக்கு முன்னும் பின்னும் ஆங்கிள் இருந்தால் கிரானைட் தாங்கும். ஆனால் அந்த இடத்தின்மேல் மாவு கிரைண்டர் நிற்கக் கூடாது. அதன் கனமும் அதிர்வும் சேர்ந்து கல்லைக் கீறவைக்கும். மாறாக, தரை ஓட்டை எடுத்துவிட்டு 3 செ.மீ. பள்ளம் தோண்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுக்களை கழுவுகிற தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் போய் நிற்கும். மெஷினின் அடித்தட்டு துருப்பிடிக்கும், கரப்பான் குடியேறும்.

புது வீடு கட்டுபவர்கள் இப்போதே கொத்தனாரிடம் சொல்லிவிடலாம்: கடப்பாக்கல் மேடை என்றால் முடிந்த உயரம் 36 அங்குலம். பிளைவுட் பெட்டிகளின் மேல் நேரடியாக கிரானைட் வைக்கும் மாடுலர் கிச்சன் என்றால் 34 அங்குலமே போதும், ஏனென்றால் அங்கே கழிக்கவேண்டியது கிரானைட்டின் 2 செ.மீ. மட்டும். மேடைக்கு அடியில் கப்போர்டு வைப்பதற்காக 3, 4 அங்குலத் திண்டு கட்டுவது வழக்கம். டிஷ்வாஷர் வரும் கட்டத்தில் அந்தத் திண்டைக் கட்டாமல் விடச் சொல்லுங்கள். ஏற்கனவே கட்டியிருந்தால் அந்த இடத்தில் உடைத்து, தரையோடு தரையாக ஓடு பதிக்க வேண்டும்.

அகலத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. குத்துக்கற்களை இரண்டு அடிக்கு ஒன்றாக நிறுத்தியிருப்பார்கள். கல்லின் கனம் போக உள்ளே 57, 58 செ.மீ.தான் இருக்கும். ஒரு குத்துக்கல்லை எடுத்து நகர்த்த வேண்டிவரும். எடுக்கும் கல்லுக்கு மேலே சிங்க்குக்காக வெட்டிய ஓட்டை இருந்தால், கல்லை எடுக்கும் முன்னாலேயே ஆங்கிளை முட்டுக்கொடுத்துவிட வேண்டும். சிங்க் ஓட்டையின் மூலைதான் கிரானைட் முதலில் கீறும் இடம். இன்னொன்று: மெஷின் கதவைத் திறந்து கீழ்த்தட்டை நிறைய ஏனங்களோடு வெளியே இழுத்தால் மெஷின் முன்னால் சாயும். அதனால் இரண்டு பக்கமும் திருகு போட்டு இறுக்கியே ஆக வேண்டும். கல்லில் அந்தத் திருகு இறங்காது. குத்துக்கல்லின் உள்பக்கம் 18 மி.மீ. பிளைவுட் பட்டையை போல்ட் போட்டு முடுக்கி, அதில்தான் மெஷினைத் திருக முடியும். இரண்டு பட்டைக்கு 3.6 செ.மீ. போகும். ஆகவே கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் 64 செ.மீ. இருக்கும்படி நகர்த்துங்கள்.

ஆழம் 61 செ.மீ. (இரண்டு அடி) மேடையில் சரியாக அடங்கும். பழைய வீடுகளில் 22 அங்குல மேடை உண்டு. அங்கே மெஷின் 2 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும், கப்போர்டோடு சமமாக வராது. அப்படிப்பட்ட அடுக்களையில் மறைக்கும் வகையை விட்டுவிட்டு, தனியாக நிற்கும் மெஷினை வாங்குவதே நல்லது.

மூன்று வகையில் எது?

முழுவதும் மறைவது, பாதி மறைவது, மேல்மூடியைக் கழற்றி மேடைக்கு அடியில் தள்ளுவது. முதல் வகையில் பொத்தான்கள் கதவின் மேல் விளிம்பில் இருக்கும். மூடினால் வெளியே கப்போர்டு மட்டும்தான் தெரியும். ஓடுகிறதா இல்லையா என்று தெரிய, தரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். சில மாடல்களில் மிச்ச நேரமே தரையில் தெரியும். இரண்டாவதில் பொத்தான் பட்டை வெளியே இருக்கும், கீழ்ப்பகுதியில் உங்கள் பலகை வரும். மூன்றாவது, 84.5 செ.மீ. உயரமுள்ள சாதாரண மெஷினின் மேல்மூடியைக் கழற்றி 81.5 ஆக்குவது. எல்லா மாடலிலும் மூடியைக் கழற்ற முடியாது, கையேட்டில் பார்க்க வேண்டும். இதற்குப் பலகை மாட்ட முடியாது. ஆனால் விலை குறைவு, கிடைக்கும் மாடல்களும் அதிகம்.

பாஷ் மாடல்களில் எண்ணைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். எஸ்.எம்.வி. என்று தொடங்கினால் முழுவதும் மறைவது, எஸ்.எம்.ஐ. பாதி மறைவது, எஸ்.எம்.எஸ். தனியாக நிற்பது. எஸ்.பி.வி. (SPV) என்றால் 45 செ.மீ. அகலத்தில் முழுவதும் மறைவது. அதே போல ஒலிக்கும் SBV-யோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்; SBV என்பது 86.5 செ.மீ. உயர மாடல், அது நம் மேடைகளுக்குப் போகாது. எழுத்தில் சந்தேகம் வந்தால் பெட்டியின் மேல் உயரம் 81.5 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

நான்கு பேருக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு 60 செ.மீ.தான். "14 பேருக்கான செட்" என்று எழுதியிருப்பது ஐரோப்பியத் தட்டு, கோப்பை, கரண்டிக் கணக்கு. குக்கர், இட்லிக் கொப்பரை, குழம்புச் சட்டி, சாப்பாட்டுத் தட்டு என்று நம் ஏனங்களை அடுக்கினால் அந்தக் கணக்கு செல்லாது. கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள பெரிய சாப்பாட்டுத் தட்டு ஒன்று, இட்லித் தட்டு ஒன்று, அடிக்கடி புழங்கும் பெரிய பாத்திரம் ஒன்று எடுத்துப் போங்கள். மேல்தட்டை உயர்த்தினால் கீழே அந்தப் பாத்திரம் கவிழ்ந்து நிற்கிறதா, நிற்கையில் மேல் விசிறி (சுற்றிக்கொண்டே தண்ணீர் பீச்சும் கை) தடையில்லாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். கீழ்த்தட்டின் கம்பிகள் மடங்க வேண்டும். மடங்காத கம்பி என்றால் சட்டிகள் உட்காராது. இதைப் பார்ப்பது ஓடும் சத்தம் 42 டெசிபலா 46 டெசிபலா என்று பார்ப்பதைவிட முக்கியம்.

உள்தொட்டியின் சுவர் மட்டுமல்ல, அடித்தளமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கதவு தானாகத் திறந்து ஆவியை விடும் வசதி நல்லதுதான். அது இருந்தால் மேடையின் அடிப்பக்கத்தில் பெட்டியோடு வரும் ஆவித் தடுப்புத் தாளை ஒட்டாமல் விடக் கூடாது. விட்டால் ஆறு மாதத்தில் மேடையின் கீழ் விளிம்பில் பிளைவுட் ஊதிவிடும்.

தண்ணீர்தான் மெஷினின் ஆயுள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கரையில் ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தப் பகுதியில் பெரிய வேலை இல்லை. வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை பக்கம் போரை நம்பியிருக்கும் வீடுகள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பாளையங்கோட்டையிலேயே கூட, கார்ப்பரேஷன் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே டேங்க்கில் கலக்கும் வீடுகள் ஏராளம். அப்படிக் கலந்த தண்ணீரின் தன்மை வாரத்துக்கு வாரம் மாறும்.

தெரியவேண்டியது கடினத்தன்மை. பலர் டி.டி.எஸ். மீட்டரை முக்கிவிட்டு அந்த எண்ணைச் சொல்கிறார்கள். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்த எல்லா உப்புக்களும் சேர்ந்தது. கடினத்தன்மை அதில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து சோதனையாலோ, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் கொடுத்தோ அறியலாம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண் வரும். அதை 17.8ஆல் வகுத்தால் மெஷின் கையேட்டில் இருக்கும் ஜெர்மன் டிகிரி கிடைக்கும். 450 வந்தால் 25 டிகிரி. 890 வந்தால் 50 டிகிரி. பல மெஷின்களின் உள்ளே இருக்கும் மென்னீராக்கி (கடினத்தன்மையை நீக்கும் பகுதி, அது வேலை செய்ய உப்பு வேண்டும்) 50 டிகிரி வரைதான் தாங்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு 200 மி.கி.யை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மி.கி.யை உச்சமாகவும் வைத்திருக்கிறது. அதற்குள் இருந்தால் மெஷினுக்குக் கவலை இல்லை.

அதனால் வாங்கும் மெஷினில் உப்பு ஊற்றும் கிண்ணமும், கடினத்தன்மையை எண்ணாக அமைக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும். மென்னீராக்கியே இல்லாத மாடல்கள் விலை குறைவாக வரும். போர்த் தண்ணீர் வீட்டுக்கு அவை ஆகாது. எல்லாம் ஒன்றில் அடங்கிய சோப்பு மாத்திரை போட்டால் உப்பு தேவையில்லை என்பார்கள். அது சுமார் 21 டிகிரி வரை, அதாவது 370 மி.கி. வரைதான் செல்லும். அதற்கு மேல் மாத்திரை போட்டாலும் உப்பும் போட வேண்டும்.

உப்பைப் பற்றி ஒரு சொல். தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில் இருக்கும்போது டிஷ்வாஷர் உப்பை விலை கொடுத்து வாங்குவானேன் என்று தோன்றும். உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசியமும் கால்சியமும் மண்ணும் இருக்கும். எதை நீக்க மென்னீராக்கி இருக்கிறதோ அதையே உள்ளே கொட்டுவதாகும். சமையல் தூளுப்பு வேறு வகையில் கெடுதல்: அதில் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கும், தூள் நனைந்து கெட்டிப்பட்டு வழியை அடைக்கும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் பருமனான சுத்த உப்புதான் போட வேண்டும். முதல் தடவை மட்டும் கிண்ணத்தில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதன்மேல் 1 முதல் 1.5 கிலோ உப்பு போடுங்கள். வெளியே சிந்திய உப்பை விட்டுவைத்தால் ஸ்டீல் அரிக்கும். உப்பு போட்ட உடனே மெஷினை ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும்.

கடினத்தன்மை வேறு, உவர்ப்பு வேறு. கடலோரப் பக்கம் போர்த் தண்ணீர் வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். மென்னீராக்கி கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும். கரைந்த உப்பின் மொத்தம் அப்படியே இருக்கும். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் காய்ந்ததும் டம்ளரில் வெள்ளைத் திட்டு தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும் திட்டு உவர்ப்பால் வந்தது, துடைத்தும் போகாமல் சொரசொரவென்று இருந்தால் அது கடினத்தன்மையால் வந்த காரை. உவர் தண்ணீரில் இருக்கும் குளோரைடு நாளடைவில் உள்தொட்டியில் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். இதற்கு மெஷினில் மருந்து இல்லை. நல்ல தண்ணீர் வரும் தொட்டியிலிருந்து தனி லைன் இழுத்துக் கொடுங்கள். ஒரு தடவை கழுவ 10 லிட்டர் சுற்றுதான் ஆகும், நல்ல தண்ணீர் தீர்ந்துபோகாது. ஆர்.ஓ. குழாயில் இணைக்கக் கூடாது. அதன் ஓட்டம் மெஷினுக்குப் போதாது.

ஓட்டம், அழுத்தம்

நெல்லைச் சீமையில் டிஷ்வாஷர் "தண்ணீர் வரவில்லை" என்று நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது இதை. பல மாடல்கள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு 1 பார். எனவே டேங்க்கின் அடிக்கும் மெஷின் குழாய்க்கும் இடையில் 5 மீட்டர் உயரம் வேண்டும். ஒற்றை மாடி வீட்டில் கூரை 3 மீட்டர், டேங்க் நிற்கும் மேடை 1 மீட்டர், குழாய் தரையிலிருந்து அரை மீட்டர். கழித்தால் 3.5 மீட்டர், 0.35 பார். போதாது. மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் 6.5 மீட்டர் கிடைக்கும். அங்கே தொல்லை இல்லை. மாடியிலேயே அடுக்களை என்றால் மறுபடியும் ஒற்றை மாடிக் கணக்குதான்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாஷிங் மெஷின் குழாயை முழுவதும் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் ஓட்டம் சரி. நிரம்பாவிட்டால் 0.3 பார் போதும் என்று கையேட்டில் எழுதியிருக்கும் மாடலைத் தேடலாம், அல்லது டேங்க்கிலிருந்து இறங்கும் லைனில் தானியங்கி பிரஷர் பம்ப் வைக்கலாம். டேங்க்கில் சேறு இருக்கும் வீடு என்றால் குழாய்க்கு முன்னால் சல்லடை ஃபில்டர் ஒன்று வேண்டும். மணல் துகள் ஒன்று நுழைவாயில் வால்வில் மாட்டினால், மெஷின் நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏறும்.

குழாய் முக்கால் அங்குல மரை, சிங்க்குக்கு அடியில் உள்ள கப்போர்டுக்குள். மின் பாயின்ட்டும் அதே பக்கத்துக் கப்போர்டுக்குள். மெஷினுக்கு நேர் பின்னால் எதையும் வைக்காதீர்கள். அங்கே குழாயின் மூக்குக்கு இடமில்லை, ஒழுகினாலும் தெரியாது. சோலார் ஹீட்டர் லைனில் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். பெரும்பாலான மெஷின்கள் 60 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீரை ஏற்காது. சித்திரை வெயிலில் சோலார் தண்ணீர் அதைத் தாண்டும். பச்சைத் தண்ணீரிலேயே கொடுங்கள். தண்ணீர்க் குழாயின் முனையில் தடித்த பெட்டி போல ஒன்று இருந்தால் அது ஒழுக்கு நிறுத்தும் வால்வு. உள்ளே மின்கம்பி ஓடுகிறது. குழாய் நீளம் அதிகம் என்று பிளம்பர் வெட்டிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவுக் குழாயின் முனை தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறையாமலும் 1 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சிங்க்கின் கீழ் உள்ள வளைவுக் குழாயில் தனி வாய் வைத்து, குழாயை முதலில் மேடைக்கு அடி வரை மேலே தூக்கிக் கட்டிவிட்டு இறக்குங்கள். அங்கணத்துக் குழியில் நேராகச் சொருகினால் மெஷின் தண்ணீர் எடுக்க எடுக்க அது தானாகவே உறிஞ்சி வெளியே போகும். மெஷின் ஓயாமல் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கும், ஏனமும் கழுவியிருக்காது.

மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. கம்பி, எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான். மெஷின் சூடேற்றும்போது 2,000 முதல் 2,400 வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் லைனில் வேண்டாம். மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் கண்ட்ரோல் போர்டுதான் முதலில் போகும். ஸ்டெபிலைசர் வைப்பதானால் 4 கே.வி.ஏ. வையுங்கள், சின்னது சூடாகிக் கருகும்.

கதவுப் பலகையும் ஆசாரியும்

வரிசை மாறினால் பணம் வீணாகும். முதலில் மாடலை முடிவு செய்து, அதன் பொருத்தும் வரைபடத்தை அச்செடுத்து ஆசாரி கையில் கொடுங்கள். பெட்டி வேலை முடிந்து, மெஷின் உள்ளே நின்று, ரசமட்டம் வைத்துக் கால்களைச் சமன்செய்த பிறகுதான் பலகையை அறுக்க வேண்டும். பக்கத்துக் கதவைப் பார்த்து முன்கூட்டியே அறுத்து வைக்கும் பலகை 3, 4 மி.மீ. கூடவோ குறையவோதான் வரும்.

சாதாரணக் கீல் உள்ள 81.5 செ.மீ. மெஷினுக்குப் பலகை உயரம் பெரும்பாலும் 65 முதல் 72 செ.மீ. அகலம் 59.4, இரண்டு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி. கதவு திறக்கும்போது பலகையின் கீழ் விளிம்பு உள்பக்கமாகச் சுழன்று இறங்கும். தரையோரம் வரும் ஸ்கர்ட்டிங் பலகை முன்னால் தள்ளி நின்றாலோ, கதவுப் பலகை அளவுக்கு மேல் நீளமாக இருந்தாலோ இரண்டும் முட்டும். ஸ்கர்ட்டிங் 10 செ.மீ. உயரம், கதவுக்கு உள்ளே 5 செ.மீ. தள்ளி என்றால் முட்டாது. அழகுக்காக ஸ்கர்ட்டிங்கைக் குறைத்து, கதவைத் தரை வரை இறக்கவேண்டும் என்று விரும்புபவர்கள், கதவு திறக்கும்போது பலகையை மேலே நகர்த்தும் நழுவும் கீல் உள்ள மாடல் வாங்க வேண்டும். விலை கூடும்.

பலகையின் எடைக்கும் வரம்பு உண்டு. பல 60 செ.மீ. மாடல்களில் 2.5 முதல் 8.5 கிலோ. 18 மி.மீ. பிளைவுட்டில் இருபுறமும் மைக்கா ஒட்டினால் 6 முதல் 6.5 கிலோ வரும், சரியாக இருக்கும். அதன் மேல் 4 மி.மீ. கண்ணாடி ஒட்டினால் இன்னும் 4 கிலோ சேர்ந்து வரம்பைத் தாண்டும். கதவைத் திறந்ததும் தொப்பென்று விழும், ஸ்பிரிங்கின் கயிறு ஒருநாள் அறும். எடை சரியாக இருந்தும் கதவு விழுந்தால் ஸ்பிரிங்கை முடுக்க வேண்டும். தானாக மேலே ஏறினால் தளர்த்த வேண்டும். பாதியில் விட்டால் கதவு அங்கேயே நிற்பதுதான் சரியான நிலை.

பிளைவுட் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரம்) முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மைக்காவை வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி, உள்பக்கம் பெயின்ட் அடித்துவிடுவது ஆசாரிகளின் சிக்கனம். ஆவி பட்டதும் பலகை வில்லாக வளையும். இரண்டு பக்கமும் ஒரே கன மைக்கா ஒட்டச் சொல்லுங்கள், நான்கு விளிம்பிலும் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். கீழ் விளிம்பு கண்ணில் படாது என்று விட்டுவிடுவார்கள், தண்ணீர் ஏறுவது அங்கேதான். மர வரி உள்ள மைக்கா என்றால் பக்கத்துக் கதவுகளின் தாளிலிருந்தே இந்தப் பலகைக்கும் வெட்டி வையுங்கள். ஒரு வருடம் கழித்துத் தேடினால் அதே எண்ணில் தாள் கிடைக்காமல் போகலாம்.

கரையானுக்குப் பயந்து பி.வி.சி. கப்போர்டு போட்ட வீடுகள் நம் பக்கம் நிறைய. உள்ளே பொந்தாக இருக்கும் பி.வி.சி. பலகையில் திருகு பிடிக்காது. பத்து நாளில் பலகை ஆடும். கதவுக்கு மட்டும் பொந்தில்லாத 18 மி.மீ. டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை எடுத்து, அதே நிறத் தாள் ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியோடு வரும் திருகுகளையே பயன்படுத்துங்கள். நீளமான திருகு முன்பக்க மைக்காவைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். பெட்டியில் உள்ள காகித அச்சைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் குறித்துத் துளையிட்டால் கைப்பிடி உட்பட எல்லாம் நேராக அமையும். இந்தக் கதவைப் பலமாக இழுக்க வேண்டும் என்பதால் சின்னக் குமிழ் வேண்டாம், பிடித்து இழுக்கும் கைப்பிடியே நல்லது.

எல் வடிவ மேடையில் மூலையை ஒட்டி மெஷின் வைத்தால், அந்தப் பக்கத்து இழுப்பறையின் கைப்பிடி மெஷின் கதவில் இடிக்கும். 8 முதல் 10 செ.மீ. வெற்றுப் பட்டை விட்டால் போதும். குழாய்கள் போகும் ஓட்டையை எலி நுழையாதபடி கம்பி வலையால் அடைக்க மறக்காதீர்கள். ரப்பர் குழாயை எலி கடித்தால் இரவோடு இரவாக அடுக்களை குளமாகிவிடும்.

சர்வீஸ், உத்தரவாதம்

கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, 627 என்று தொடங்கும் உங்கள் பின்கோடைச் சொல்லி, மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். திருநெல்வேலி என்றால் சரி. மதுரை என்றால் ஒவ்வொரு பழுதுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். கப்போர்டுக்குள் பொருத்தும் வகையை அவர் இதற்கு முன் பொருத்தியிருக்கிறாரா, வடிகால் பம்ப், நுழைவாயில் வால்வு, கதவு ஸ்பிரிங் கயிறு மூன்றும் கையிருப்பில் உண்டா என்றும் கேளுங்கள். உத்தரவாதத் தாளில் கடினத் தண்ணீரால் வரும் பழுது சேருமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். உள்ளூரில் ஆள் இருக்கும் நடுத்தர மாடல், ஆள் இல்லாத உயர்ந்த மாடலைவிட இந்த ஊருக்கு நல்லது.

பொருத்திய பிறகு

கடினத்தன்மை எண்ணை அமைத்து, உப்பும் ரின்ஸ் திரவமும் (ஏனம் திட்டில்லாமல் காய உதவுவது) ஊற்றி, ஏனம் இல்லாமல் 70 டிகிரியில் ஒரு தடவை ஓட்டுங்கள். இரும்புத் தோசைக்கல், மண்சட்டி, கல்சட்டி, ஈயச்சொம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினிய குக்கர், மர அகப்பை எதுவும் உள்ளே போகக் கூடாது. அலுமினியம் கறுத்துப்போகும், இரும்பு துருப்பிடிக்கும், ஈயச்சொம்பு மங்கிக் கெடும்.

ஏனத்தைக் கழுவிவிட்டு வைக்க வேண்டியதில்லை, வழித்துவிட்டு வைத்தால் போதும். ஆனால் தாளித்த கடுகு அப்படியே போனால் விசிறியின் துளையில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். துளை அடைத்தால் அந்தப் பக்கத்து ஏனம் மட்டும் அழுக்காக வரும். விசிறியைக் கழற்றிக் குலுக்கி, குச்சியால் குத்தி எடுங்கள். தேங்காய்த் துருவலும் கறிவேப்பிலையும் சல்லடையில் சேரும், வாரம் இரண்டு முறை கழுவ வேண்டும். சொதியும் அவியலும் அடிக்கடி வைக்கும் வீடு என்றால் தேங்காய்க் கொழுப்பு குழாய்களுக்குள் படியும். குறைந்த சூட்டில் விரைவாக ஓடும் திட்டத்தையே எப்போதும் வைத்தால் படிவு கூடி நாற்றம் வரும். மாதம் ஒருமுறை 70 டிகிரியில் ஓட்டுங்கள்.

ஸ்கர்ட்டிங் பலகையை சிலிக்கான் வைத்து ஒட்ட விடாதீர்கள், கிளிப்பில் மாட்டச் சொல்லுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு தடவை ஓடி முடிந்ததும் அதைக் கழற்றி, டார்ச் அடித்துத் தரை உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் தெரிந்தால் குழாயை அடைத்துவிட்டு முதலில் நுழைவாயில் மரையின் வாஷரைப் பாருங்கள், பிறகு கழிவுக் குழாயின் கிளிப்பைப் பாருங்கள்.